பரங்கிமலைச் சாலையை மறித்த கான்சாகிப்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகிறவர்கள், கிண்டியைத் தாண்டியதும் ஒரு சிறு குன்றைப் பார்ப்பார்கள். அதன் உச்சியில் போர்த்துகீசியர் காலத்து மாதா கோவில் இருக்கிறது. அந்தக் குன்றுதான் பரங்கிமலை.

மலை அடிவாரத்தில் இருந்து தெற்கே ஒரு பெரிய சாலை போகிறது. பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு செங்கற்பட்டுக்குப் போகிறது. பஸ்ஸும் லாரியும் இரவு பகல் ஓயாமல் ஓடும் சாலை.

1759-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் வேறு விதமான நடமாட்டம் இருந்தது. அரிசி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் பயந்து பயந்து நகர்ந்தன. சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அரிசி அது. வழியில் திடீர் என்று துப்பாக்கிச் சத்தம் கேட்கும். வண்டிக்காரன் குதித்து ஓடிவிடுவான். வண்டி வேறு பக்கம் திரும்பிவிடும்.

வண்டியை மறித்தவர் ஒரு தமிழர். மருதநாயகம் என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயர் என்று சொல்வார்கள். யூசுப்கான் என்பது பிறகு வந்த பெயர். தென்பாண்டி மக்களுக்கு அவர் கான்சாகிப்.

சென்னைக் கோட்டையைக் காப்பாற்றியவர்களில் அவரும் ஒருவர். ஆறு ஆண்டு முடிவதற்குள், அதே கோட்டையில் இருந்து புறப்பட்ட பட்டாளம் மதுரையை வளைத்தது. கான்சாகிப் தூக்கில் தொங்கினார்.

வீட்டை விட்டு ஓடினான்

இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற கிராமம். ஏறக்குறைய 1725-ம் ஆண்டில் அங்கே ஒரு வேளாளர் வீட்டில் மருதநாயகம் பிறந்தான் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

சின்ன வயதிலேயே அடங்காத பிள்ளை. வீட்டில் தங்கவில்லை. ஊரை விட்டு ஓடினான். இஸ்லாம் மதத்தில் சேர்ந்தான். பெயர் யூசுப்கான் ஆயிற்று. புதுச்சேரியில் வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தான் என்றும், அங்கேதான் அவர்கள் பாஷையும் பழக்கமும் அவனுக்கு வந்தன என்றும் சொல்வார்கள். பிறகு நெல்லூர்ப் பக்கம் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான்.

மார்சா என்ற பெண்ணை மணந்துகொண்டான். அவள் போர்த்துகீசிய வம்சாவளியில் வந்தவள்.

அப்போது தமிழ்நாட்டில் ஒரே குழப்பம். ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். மற்றவர் முகம்மது அலி. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நின்றார்கள். முகம்மது அலி பக்கம் ஆங்கிலேயக் கும்பினியார் நின்றார்கள். யானை இரண்டு சண்டை போட்டால் கீழே இருக்கும் புல் என்ன ஆகும்? ஊர் ஊராகக் கொள்ளை போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் யூசுப்கான் கொஞ்சம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலேயத் தளபதி கிளைவிடம் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 1752-ம் ஆண்டு அது. இனி அவரை 'அவர்' என்றே சொல்ல வேண்டும். ஏன் என்றால், அடுத்த இரண்டு ஆண்டில் கும்பினிச் சிப்பாய்கள் எல்லோருக்கும் அவரே தலைவர் ஆகிவிட்டார்.

சோறு கொண்டு வந்த தளபதி

திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முகம்மது அலியும் ஆங்கிலேயர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். சுற்றிலும் எதிரிகள். ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சண்டைக்குப் பயப்படுகிறவர் அல்ல. அவர் பயந்தது பசிக்கு. கோட்டைக்குள் நெல் வராவிட்டால் எந்த வீரமும் பலிக்காது.

நெல் வர ஒரு வழிதான் இருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமைக் காடுகள். அந்தக் காட்டுப் பாதைகளில் மாட்டையும் மூட்டையையும் இரவோடு இரவாக ஓட்டி வர வேண்டும். எதிரிக் குதிரைப்படையின் கண்ணில் பட்டால் தீர்ந்தது.

அந்த வேலையை யூசுப்கான் ஏற்றுக்கொண்டார். எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகும், எந்த ஊரார் நம்பத் தகுந்தவர்கள், எதிரியின் காவல் எந்த நேரத்தில் கண் அசரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உளவு சொல்லும் ஆட்களை ஊருக்கு ஊர் வைத்திருந்தார். அவர் காவலில் வந்த மூட்டைகள் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தன.

லாரன்ஸ் வியந்துபோனார். சுதேச வீரர்களில் இவரைவிடச் சிறந்த ஒருவரைக் கண்டதில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1754-ம் ஆண்டில் யூசுப்கான் சிப்பாய்ப் படைகளின் கமாண்டர் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

பொறாமையும் உடனே பிறந்துவிட்டது. கும்பினியாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவன் ஒரு பொய்க் கடிதத்தைத் தயாரித்தான். யூசுப்கான் எதிரியிடம் விலை போய்விட்டார் என்று காட்டும் கடிதம் அது. கொஞ்ச நாள் யூசுப்கானின் தலை கத்தி முனையில் இருந்தது. விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த முறை அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கும்பினியார் எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படுவார்கள் என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

பாதி போலீஸ், பாதிப் பட்டாளம்

யூசுப்கானின் கீழ் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

போர் என்றால் பட்டாளம் மட்டுமே சண்டை போடும் என்று நினைக்கிறோம். எந்தக் காலத்திலும் அப்படி இருந்தது இல்லை. பட்டாளம் ஓர் இடத்தில் அணிவகுத்து நிற்கும். அதன் முதுகுக்குப் பின்னால் சாலையையும் பாலத்தையும் களஞ்சியத்தையும் காக்க வேறு ஆட்கள் வேண்டும். சமாதான காலத்தில் காவல் வேலை பார்க்கிறவர்களே போர்க் காலத்தில் இந்த வேலைக்கு வருவார்கள். 1965-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, கட்ச் பாலைவனத்தில் சர்தார் சாவடியைக் காத்து நின்றவர்கள் ராணுவத்தார் அல்ல, மத்திய ரிசர்வ் போலீசார். அதே ஆண்டு டிசம்பரில்தான் எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது.

கும்பினி காலத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. சென்னைப் பட்டணத்துக்குள் திருடனைப் பிடிக்கப் பெத்த நாயக்கரும் அவருடைய தலையாரிகளும் இருந்தார்கள். நாட்டுப்புறத்தில் காவல்காரர்கள் இருந்தார்கள். பாளையக்காரர்களிடம் வேலும் வளரியும் பிடித்த ஆட்கள் இருந்தார்கள். கும்பினியிடம் சிப்பாய்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்துச் சிப்பாய் இன்று நாம் நினைக்கும் ராணுவ வீரன் அல்ல. கிஸ்தி வசூலிக்கும்போது கூடப் போவான். பணப்பெட்டிக்குக் காவல் இருப்பான். கொள்ளைக்காரனைத் துரத்துவான். போர் வந்தால் துப்பாக்கியுடன் வரிசையில் நிற்பான். பாதி போலீஸ், பாதிப் பட்டாளம். இந்தக் கலப்புப் படையை நடத்துவதில் யூசுப்கானுக்கு இணை இல்லை.

1756-ம் ஆண்டில் கும்பினியார் அவரை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அனுப்பினார்கள். நெற்கட்டுஞ்செவல் புலித்தேவர் முதலிய பாளையக்காரர்கள் நவாபுக்கு வரி கட்ட மறுத்தார்கள். அவர்களை அடக்குவது யூசுப்கானின் வேலை. தெற்கே அவர் அந்த வேலையில் இருந்தபோதுதான் சென்னையில் இருந்து அவசர அழைப்பு வந்தது.

லாலி வந்தார்

1758-ம் ஆண்டில் பிரான்சில் இருந்து லாலி என்ற புதிய தளபதி வந்து இறங்கினார். ஆங்கிலேயரை இந்த நாட்டை விட்டே விரட்டுவது என்பது அவர் சபதம். ஜூன் மாதம் கடலூர்ப் பக்கத்தில் இருந்த தேவனாம்பட்டினம் கோட்டை அவரிடம் விழுந்தது. அடுத்தது சென்னை.

டிசம்பர் 14-ந் தேதி பிரெஞ்சுப் பட்டாளம் சென்னைக் கறுப்பர் பட்டணத்துக்குள் நுழைந்தது. கறுப்பர் பட்டணம் என்றால் கோட்டைக்கு வெளியே தமிழரும் தெலுங்கரும் வசித்த பகுதி. அங்கே கொள்ளை நடந்தது.

கோட்டைக்குள் கவர்னர் பிகட் இருந்தார். படைக்குத் தலைவர், திருச்சியில் பசிக்குப் பயந்த அதே லாரன்ஸ். ஏறக்குறைய 1,750 வெள்ளைச் சோல்ஜர்களும் 2,200 சிப்பாய்களும் அவரிடம் இருந்தார்கள். ஜனவரி மாதம் பிறந்ததும் லாலியின் பீரங்கிகள் கோட்டைச் சுவரை இடிக்கத் தொடங்கின.

லாலியிடம் நல்ல பட்டாளம் இருந்தது. பணம் இல்லை. சம்பளம் கிடைக்காத சோல்ஜர்கள் முணுமுணுத்தார்கள். சாப்பாட்டுக்குச் சுற்று வட்டாரத்தையும் புதுச்சேரியையும் நம்ப வேண்டி இருந்தது.

அவர் ஒரு பெரிய தவறும் செய்தார். சென்னைக்கு வரும் வழியில் செங்கற்பட்டுக் கோட்டையைப் பிடிக்காமல் விட்டுவிட்டார். ஒரு பக்கம் கொளவாய் ஏரியின் தண்ணீர் காவலாக இருக்கும் கோட்டை அது. இன்று தாம்பரத்தில் இருந்து ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆங்கிலேயர்கள் அவசர அவசரமாக அங்கே ஆளும் தானியமும் சேர்த்தார்கள். பிரஸ்டன் என்ற காப்டன் அங்கே தலைவர். இந்தப் பிரஸ்டனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈக்கூட்டம்

யூசுப்கான் ஏறக்குறைய 2,000 சிப்பாய்களுடன் தெற்கில் இருந்து புறப்பட்டார். வழியில் தொண்டைமான் சீமைக் கள்ளர்களும், தஞ்சாவூர்க் குதிரைக்காரர்கள் கொஞ்சம் பேரும் சேர்ந்துகொண்டார்கள். டிசம்பர்க் கடைசியில் செங்கற்பட்டு வந்து பிரஸ்டனுடன் கைகோத்தார்.

லாலியின் பட்டாளத்தை நேருக்கு நேர் நின்று ஜெயிக்க அவர்களால் முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். வேறு வேலை ஒன்று செய்யலாம். லாலியைத் தூங்க விடாமல் செய்யலாம்.

பரங்கிமலைக்கு வந்தார்கள். கோட்டையில் இருந்து பத்து மைல்கூட இல்லாத இடம். அங்கிருந்து சாலைகளில் பாய்ந்தார்கள். பூந்தமல்லிப் பக்கம் போனார்கள். காஞ்சிபுரம் பக்கம் போனார்கள். பிரெஞ்சுக்காரருக்குப் போகும் தானியத்தை மடக்கினார்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டி இழுக்க மாடு இல்லாவிட்டால் பீரங்கிக் குண்டும் நகராது, அரிசியும் நகராது.

இதில் ஊராருக்கு நேர்ந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். எதிரிக்குப் போகும் மாடு எது, ஏழைக் குடியானவனின் உழவு மாடு எது என்று போர்க் காலத்தில் யார் பார்த்தார்கள்? இரண்டு பக்கத்தாரும் மாறி மாறிச் சூறையாடினார்கள். சென்னையின் தெற்குப் பக்கத்துக் கிராமங்கள் அந்தத் தை மாதத்தில் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

லாலி ஒரு படையை அனுப்பினார். யூசுப்கானின் ஆட்கள் ஒரு நாள் திருப்பி அடித்தார்கள். இன்னும் பெரிய படை வந்தது. பின்வாங்கினார்கள். தஞ்சாவூர்க் குதிரைக்காரர்கள் சமயம் பார்த்து நழுவுவதும் உண்டு. லாலியின் படை கோட்டை முற்றுகைக்குத் திரும்பியதும், இவர்கள் மறுபடியும் வந்து நின்றார்கள்.

லாலிக்கு இது பெரிய தலைவலி ஆயிற்று. ஓர் இடத்தில் விரட்டினால் இன்னோர் இடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களுக்கு அவர்களை ஒப்பிட்டு அவர் நொந்துகொண்டார். கோட்டைச் சுவரை இடிக்க வேண்டிய சோல்ஜர்களைப் பரங்கிமலைக்கும் பூந்தமல்லிக்கும் மாற்றி மாற்றி ஓட வைப்பது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? திருச்சியில் கோட்டைக்குள் சோறு கொண்டு வந்த அதே மனிதர், சென்னையில் கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் சோற்றைத் தடுத்தார். இரண்டும் ஒரே வித்தைதான். தொண்டைமான் காட்டில் கற்றது பரங்கிமலையில் பலித்தது.

பரங்கிமலைச் சண்டை

1759 பிப்ரவரி முற்பகுதியில் தெற்கில் இருந்து கையோ என்ற மேஜர் வந்து செங்கற்பட்டுப் படைக்குத் தலைமை ஏற்றார். யூசுப்கானும் பிரஸ்டனும் அவர் கீழ் மறுபடியும் பரங்கிமலைக்கு வந்தார்கள். நவாபின் தம்பி அப்துல் வகாப் ஒரு குதிரைப்படையுடன் சேர்ந்திருந்தார். மொத்தப் படையில் வெள்ளைக்காரர்கள் நூறு பேர் அளவில்தான். மற்றவர்கள் எல்லாம் நம் நாட்டு ஆட்கள்.

இந்த முறை லாலி பொறுக்கவில்லை. தம் உறவினர் ஒருவர் தலைமையில் பலமான படையை அனுப்பினார். அதில் நல்ல பயிற்சி பெற்ற வெள்ளைக் குதிரைப்படையும் இருந்தது. எப்படியாவது இந்த ஈக்கூட்டத்தை ஒரேயடியாக நசுக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

மலையடிவாரத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் இருந்தன. லாரன்ஸுக்கே அங்கே ஒரு வீடு உண்டு. அந்த வீடுகளையும் தோட்டச் சுவர்களையும் அரணாக வைத்துக்கொண்டு கையோ காத்திருந்தார்.

காலையில் சண்டை தொடங்கியது. பிரெஞ்சுக் குதிரைகள் புழுதி பறக்க வந்தன. எதிர்த்துப் போன நவாபின் குதிரைப்படை, முதல் வெடிச் சத்தத்திலேயே கலைந்து ஓடிவிட்டது. தோட்டச் சுவருக்குப் பின்னால் இருந்த சிப்பாய்கள் ஓடவில்லை. குறி பார்த்துச் சுட்டார்கள். பிரெஞ்சுக் குதிரைப்படை திரும்பியது.

ஒரு கட்டத்தில் உற்சாகம் மிகுந்துபோய்ச் சிப்பாய்கள் சிலர் சுவரைத் தாண்டி வெளியே துரத்திப் போனார்கள். அது பிசகு. திறந்த வெளியில் குதிரைகள் திரும்பிப் பாய்ந்தன. பல பேர் வெட்டுப்பட்டு விழுந்தார்கள். அந்தச் சிப்பாய்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பொழுது சாயும் வரை பீரங்கி முழங்கியது. மாலையில் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது.

கையோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏன் என்றால் அவரிடம் மருந்தும் குண்டும் தீர்ந்துபோகும் நிலை. இன்னும் ஒரு மணி நேரம் எதிரி நின்றிருந்தால் கதை வேறு. இருட்டியதும் சத்தம் இல்லாமல் படை கிளம்பியது. காயம் பட்டவர்களைச் சுமந்துகொண்டு தெற்கே செங்கற்பட்டை நோக்கி நடந்தார்கள். இன்று தாம்பரம், வண்டலூர் என்று விளக்குகள் எரியும் பகுதி வழியே அந்த இருட்டு நடை நடந்தது.

யார் ஜெயித்தார்கள்? இடத்தை விட்டுப் போனது கும்பினிப் படைதான். ஆனால் லாலியின் எண்ணம் ஈடேறவில்லை. ஈக்கூட்டம் நசுங்கவில்லை.

பிப்ரவரி 16-ந் தேதி சென்னைக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் புறப்பட்டார். கனமான பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனார். நடக்க முடியாத நோயாளிகளையும் விட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த முற்றுகை முடிந்தது.

கோட்டையைக் காத்தது கப்பல் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் கப்பல் வந்து சேரும் வரை லாலியின் கை ஓங்காமல் பார்த்துக்கொண்டவர்களில் பரங்கிமலையில் நின்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மதுரையின் அதிகாரி

யூசுப்கான் மறுபடியும் தெற்கே போனார். இந்த முறை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

புலித்தேவருடன் சண்டை தொடர்ந்தது. வாசுதேவநல்லூரில் யூசுப்கான் ஒரு தடவை தோற்றுத் திரும்பினார். 1761-ம் ஆண்டில் நெற்கட்டுஞ்செவல் வீழ்ந்தது. புலித்தேவரைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர்களில் கான்சாகிப் கொடியவராகவே நினைக்கப்படுகிறார். அந்த நினைப்பில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தாம் பிறந்த மண்ணின் வீரர்களை அந்நியருக்காக அடக்கியவர் அவர்.

மதுரையில் கேட்டால் வேறு பேச்சு. கொள்ளைக்காரர்களை ஒடுக்கினார். சாலையில் வியாபாரிகள் பயம் இல்லாமல் போனார்கள். நெசவாளிகளை ஆதரித்தார். ஏரி, கால்வாய்களைப் பழுது பார்த்தார். முந்தி ஆண்டவர்கள் பிடுங்கிக்கொண்ட மீனாட்சி அம்மன் கோவில் மானியத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வந்த புல்லர்ட்டன் என்ற கர்னல், அவருடைய ஆட்சியில் நீதி தவறியதில்லை என்றும், சொன்ன சொல் மாறியதில்லை என்றும் எழுதி வைத்தார்.

வரி ஒழுங்காக வந்தது. யூசுப்கான் ஆண்டுக்கு 7 லட்சம் தருவதாகவும், நான்கு ஆண்டுக்குக் குத்தகையை நீடிக்க வேண்டும் என்றும் கேட்டார்.

நவாப் முகம்மது அலிக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை துப்பாக்கி தூக்கியவன் இன்று ராஜா மாதிரி இருக்கிறானே என்ற எண்ணம். மதுரைச் சீமை எனக்குச் சொந்தம், யூசுப்கான் என் வேலைக்காரன் என்று சாதித்தார். கும்பினியாருக்கு நவாப் தேவைப்பட்டார். நவாபின் பேச்சுக்குத் தலையாட்டினார்கள்.

யூசுப்கான் தலையாட்டவில்லை. படை சேர்த்தார். மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தினார். 1763-ம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒரு காலத்தில் தாம் விரட்டிய பிரெஞ்சுக்காரரின் கொடியையே ஏற்றினார். கும்பினியார் அவரைக் கலகக்காரர் என்று அறிவித்தார்கள்.

பழைய தோழன் எதிரில்

1763-ம் ஆண்டு ஆகஸ்டில் மதுரைக்குப் படை வந்தது. தளபதியின் பெயர் மான்சன். நவம்பரில் மழையும் வந்தது. கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். இந்த முறை மேஜர் காம்பல் தலைமை. கூட வந்த இன்னொரு மேஜர் யார் தெரியுமா? செங்கற்பட்டுக் கோட்டையில் இருந்து யூசுப்கானுடன் தோளோடு தோள் நின்று லாலியை அலைக்கழித்த அதே பிரஸ்டன்.

1764 ஜூன் 26-ந் தேதி கோட்டைச் சுவரில் ஏறப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் உக்கிரமாகத் தாக்கினார்கள். தாக்குதல் முறிந்தது. முன்னால் நின்ற பிரஸ்டன் படுகாயம் அடைந்தார். அந்தக் காயத்திலேயே இறந்தார்.

பிரஸ்டன் இறந்த செய்தி கோட்டைக்குள் எட்டியபோது யூசுப்கானின் மனம் என்ன பாடுபட்டதோ? அந்த இரண்டு பேரும் ஒரே முகாமில் ஒரே சோற்றுக்காகக் காத்திருந்தவர்கள் அல்லவா?

வீரத்தால் கோட்டையைப் பிடிக்க முடியாது என்று ஆங்கிலேயர்கள் தெரிந்துகொண்டார்கள். சாலைகளை அடைத்தார்கள். நெல் உள்ளே போகாமல் தடுத்தார்கள். யூசுப்கான் லாலிக்குச் செய்ததை இப்போது யூசுப்கானுக்குச் செய்தார்கள்.

மாதக் கணக்கில் மதுரை பட்டினி கிடந்தது. அரிசி தீர்ந்தது. கிடைத்ததைத் தின்றார்கள். கோட்டைக்கு வெளியே நின்று சாலையைத் திறந்துவிட ஒரு யூசுப்கான் இல்லை. அவர் உள்ளே இருந்தார்.

பசி வந்தால் பத்தும் பறக்கும். விசுவாசமும் பறந்தது.

தலைப்பாகைக் கட்டு

திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுப் படைத் தலைவன் மார்ஷான். மூன்று பேரும் சதி செய்தார்கள். மார்ஷானை யூசுப்கான் ஒரு சமயம் எல்லார் முன்னிலையிலும் அடித்துவிட்டார் என்றும், அந்த வஞ்சம் அவன் மனத்தில் இருந்தது என்றும் சொல்வார்கள்.

1764 அக்டோபர் 13-ந் தேதி. யூசுப்கான் தொழுகையில் இருந்தார். ஆயுதம் இல்லை. பாய்ந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். மறுநாள் அவரைக் கும்பினியார் முகாமில் ஒப்படைத்தார்கள்.

விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. பொன்னியப்பன் கடிதத்துக்குக்கூட அன்று விசாரணை நடந்தது. இப்போது அதற்கு நேரம் இல்லை. நவாப் தூக்கு என்றார். கும்பினியார் தடுக்கவில்லை.

அக்டோபர் 15-ந் தேதி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் யூசுப்கானைத் தூக்கில் போட்டார்கள்.

இரண்டு தடவை கயிறு அறுந்தது என்பார்கள். தொடைக்குள் தாயத்து வைத்துத் தைத்திருந்தார், அதை எடுத்த பிறகுதான் மூன்றாம் தடவை உயிர் போயிற்று என்பார்கள். ஊர்ப்பேச்சுக்குக் கை கால் முளைப்பது சகஜம். ஆனால் ஒன்று நிச்சயம். செத்த பிறகும் நவாபின் பயம் தீரவில்லை. உடலைத் துண்டு துண்டாக்கித் தலையை ஓர் ஊருக்கும், கை கால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். தலை திருச்சிக்குப் போயிற்று. திருச்சி எது என்று வாசகர்களுக்குத் தெரியும். அவர் சோறு கொண்டு வந்து காப்பாற்றிய ஊர்.

மார்சாவும் அவருடைய சின்னஞ்சிறு மகனும் என்ன ஆனார்கள் என்பது பற்றிப் பல கதைகள் உண்டு.

லாலியின் முடிவும் இதைவிட நல்லதாக இல்லை. 1760-ல் வந்தவாசியில் தோற்றார். 1761-ல் புதுச்சேரியும் விழுந்தது. ஊருக்குத் திரும்பியவரைத் துரோகி என்று சொந்த அரசாங்கமே பிடித்து அடைத்தது. 1766 மே 9-ந் தேதி பாரிஸ் நகரில் அவர் தலையை வெட்டினார்கள். பரங்கிமலையில் மோதிக்கொண்ட இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் அவரவர் எஜமானர்களே எமன் ஆனார்கள்.

தென்பாண்டி நாட்டார் கான்சாகிப் கதையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். கான்சாகிப் சண்டை என்று அதற்குப் பெயர். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது.

பரங்கிமலையில் இன்று ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கழகம் இருக்கிறது. விடியற்காலையில் இளைஞர்கள் அணிவகுத்து ஓடுவதை அந்தப் பக்கத்து ஜனங்கள் பார்க்கலாம். தோட்டச் சுவர்கள் இருந்த இடங்களில் வீடும் கடையும் வந்துவிட்டன.

சம்மட்டிபுரத்தில், கான்சாகிபின் உடல் அடங்கிய இடத்தில், 1808-ம் ஆண்டில் ஒரு சிறு பள்ளிவாசல் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. கான்சாகிப் பள்ளிவாசல் எது என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் வழி சொல்வார்கள்.